கத்தி வைத்திருப்பவனைத்தான் ஜாம்பி கடிக்கும்

ஆலையில் அவளுக்குப் பெயர் சைரன். அறைக் கதவில் ‘பாதுகாப்பு அதிகாரி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. “டேய், சைரன் வருது, கையுறைய மாட்டு” என்பார்கள். அவள் முதுகு மறைந்ததும் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொள்வார்கள்.

இருபத்து மூன்று வருஷமாக அந்த இறைச்சி ஆலையில் வேலை. முதல் பத்து வருஷம் பொட்டலப் பிரிவில். ஒருநாள் உறை ஒட்டும் இயந்திரம் அவளுடைய இடது சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து ஒட்டி அனுப்பிவிட்டது. எந்தப் பொட்டலத்தில் போனது என்று பார்க்க நானூறு பொட்டலங்களைக் கிழித்தார்கள். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குள் அந்த ஆலையின் இறைச்சி நுழைந்ததில்லை. விரல் போனவளை என்ன செய்வது என்று தெரியாமல் நிர்வாகம் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சான்றிதழும் கழுத்தில் ஒரு விசிலும் இருந்தன.

அவள் மேசையில் ஒரு நீள நோட்டு உண்டு. ஒரு காயத்துக்கு ஒரு வரி. ‘வலது கட்டைவிரல், மூன்று தையல், பேசிக்கொண்டே வெட்டியது.’ ‘தொடை, கொக்கி, எலும்பு தெரிந்தது.’ ‘முன்பல் இரண்டு, உறைந்த ஆட்டுக்காலால் அடி, குழாயில் யார் முதலில் கை கழுவுவது என்ற பேச்சு.’ ‘இடுப்பு, நாலு விரல் ஆழம், பின்னால் வந்தவன் கத்தியோடு வழுக்கி விழுந்தது.’ மனிதர்கள் இப்படித்தான் கிழிபடுவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் போய் ரொம்ப நாளாயிற்று. எப்படிக் கொஞ்சம் குறைவாகக் கிழிபட வைப்பது என்பதுதான் அவள் வேலை.

நோட்டில் பாதிக்கு மேல் வெட்டுக்கூடத்தின் வரிகள். எலும்பைக் குடையும் குளிர் உள்ள நீளமான கூடம் அது. கூரையில் ஓடும் தண்டவாளத்தில் தலையில்லாத ஆடுகள் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரிசையாக வரும். பதினாலு பேர் மேசையில் நின்று தொடை, தோள், விலா என்று பிரிப்பார்கள். ரம்பத்தின் அலறலில் பக்கத்தில் இருப்பவனிடம் பேசவும் கத்த வேண்டும். தரையெல்லாம் ரோஜா நிறத்தில் தண்ணீர்.

அந்தப் பதினாலு பேருக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாதது. கத்தியைக் கீழே வைக்கக் கூடாது. ஒவ்வொருவனும் தன் கத்தியைத் தன் கைக்கு ஏற்றபடி வருஷக்கணக்கில் தீட்டி வைத்திருப்பான். வேறொருவன் எடுத்து நாலு எலும்பு தட்டினால் முனை போயிற்று. அதனால் கழிப்பறைக்குப் போகிறவன் கத்தியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்து, “பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போவான். பக்கத்து ஆள் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். இருபது வருஷமாக யார் கத்தியையும் மாற்றிக் கொடுத்ததில்லை, யார் முனையையும் கெடுத்ததில்லை என்று பெயர் வாங்கிய ஆள். அவனை ‘லாக்கர்’ என்று கூப்பிட்டார்கள்.

லாக்கர் அவள் கணவன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, குளிரூட்டும் குழாயில் அமோனியா கசிந்தது. சைரன் அடித்தது. அவள் ஆட்களின் பெயர்ப் பட்டியலோடு வாசல் கேட்டுக்கு ஓடி நின்றாள். தலை எண்ணுபவர் எக்காரணம் கொண்டும் கேட்டை விட்டு நகரக் கூடாது. அந்த விதியை எழுதியதே அவள்தான். பதின்மூன்று பேர் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் வந்து சேர்ந்தார்கள். கூடத்தின் கதவுவரை வந்துவிட்ட அவள் கணவன், கத்தியை எடுக்கத் திரும்பி உள்ளே போனான். அறுபது அடி தள்ளி நின்று அவள் அதைப் பார்த்தாள். விசிலை ஊதினாள். நகரவில்லை.

போர்க்லிப்ட் ஓட்டுகிறவன்தான் முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு போய், காலைப் பிடித்து இழுத்து வந்தான். படியில் தலை தட்டித் தட்டி வந்தது. மூக்கிலும் வாயிலும் நுரை, நுரையில் ரத்தம். கண் இரண்டும் வெந்த மாதிரி. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “இன்னொரு தடவை இது உள்ள போச்சுன்னா நுரையீரல் தாங்காதும்மா” என்றார். குழாயில் ஒட்டுப் போட்டார்கள். “அடுத்த வருஷம் மொத்தமா மாத்திடலாம்” என்றார் மேலாளர். மறுபடி கசியும் என்று அவளுக்குத் தெரியும். அப்போது அவன் கத்தியை விட்டுவிட்டு வெளியே வருவானா என்பது மட்டும் தெரியாது. தூக்கத்தைக் கெடுக்க அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

வீட்டில் அதற்குப் பிறகு பேச்சு என்று பார்த்தால் இரண்டு வாக்கியம்தான்.

“நீ நின்னு பாத்துக்கிட்டே இருந்த.”

“நீங்க ஏன் திரும்பிப் போனீங்க?”

தொடங்கும்போது மெதுவாகத்தான் இருக்கும். முடியும்போது ஒரு தட்டாவது சுவரில் போய் உடையும். கல்லூரிக்குப் போகும் மகள் விளக்குமாற்றோடு வந்து, “இது அம்மா எறிஞ்சதா, அப்பா எறிஞ்சதா? பிளாஸ்டிக்ல வாங்குங்கன்னா கேக்கிறீங்களா?” என்பாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. சைரன் அடிக்கும், வெட்டுக்கூடத்து ஆட்கள் கல்யாண ஊர்வலம் மாதிரி அசைந்து வருவார்கள், கையில் கத்தியோடு. “கத்திய வெச்சுட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்பாள். “சும்மா ஒத்திகைதானேக்கா” என்பார்கள். நிஜத்திலும் இதையேதான் செய்தார்கள் என்று சொன்னால் தலையைச் சொறிவார்கள்.

வழி சொன்னது மகள்தான். சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, போனில் யாரோ யாரையோ தின்னும் படம் பார்த்துக்கொண்டிருந்தவள், “வாயு கண்ணுக்குத் தெரியுமாம்மா? தெரியாததுக்கு யாரு ஓடுவா? ஜாம்பி வருதுன்னு ஒத்திகை வை. செத்தவன் எந்திரிச்சு வந்து கடிக்கிறான்னா செருப்பக்கூட மாட்டாம ஓடுவாங்க” என்றாள்.

முதலில் சிரித்தாள். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. காகிதத்தை எடுத்து உட்கார்ந்தாள். எழுத ஆரம்பித்தால் அவளுக்கு எதையும் அரைகுறையாக எழுத வராது. கடிபட்டவர் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைக்கக் கூடாது. கடிபட்டவர் ‘இது ஆட்டு ரத்தம்’ என்று பொய் சொல்லக் கூடாது. மேற்பார்வையாளரே ஜாம்பியாக மாறிவிட்டால் அவருடைய உத்தரவுகள் அந்த நிமிஷத்திலிருந்து செல்லாது. கடைசியாக, எதற்காக இத்தனையும் எழுதினாளோ அந்த விதி: ஜாம்பிக்குக் கத்தி இரும்பின் வாசம் பிடிக்கும். கத்தி வைத்திருப்பவனைத்தான் கடிக்கும். வெறுங்கையோடு ஓடுகிறவனைத் திரும்பியும் பார்க்காது.

இதை எழுதியதும் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனாள்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மூன்று பக்கத்தையும் படித்தார். அவருக்குச் சிரிக்க வராது. அதுதான் பெரிய வசதி.

“ஜாம்பியா மாறினது வேலை நேரத்துல பட்ட காயமா, சொந்த லீவா? அது இதுல இல்லையே மேடம்?”

“செத்துட்டாங்க சார்.”

“செத்துட்டுத்தானே வேலை இடத்துல நடமாடறாங்க? அதுக்கு ஒரு விதி வேணுமே.”

“சேத்துடறேன் சார்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெட்டுக்கூட மேற்பார்வையாளருக்கு முகம் மலர்ந்திருந்தது. அவருக்குப் பெயர் ஸ்டாப்வாட்ச். ஒரு தொடையைப் பிரிக்க எத்தனை நொடி, மூக்கைச் சிந்த எத்தனை நொடி என்று வெட்டுகிறவர்கள் பக்கத்தில் நின்று எண்ணுவார். போன மாதம் அவருடைய டீக் கோப்பையில் ஒரு ஆட்டுக் கண் கிடந்தது. பாதி டீ குடித்த பிறகுதான் பார்த்தார்.

“தலைமை ஜாம்பி நான்தான்” என்றார் ஸ்டாப்வாட்ச். “மத்தவங்களைப் பொட்டலப் பிரிவிலேருந்து எடுத்துக்கலாம். இருபது பேரு. ஆர்வமா இருக்காங்க.”

ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பொட்டலப் பிரிவின் தடுப்புச் சுவருக்கு மேலே வெட்டுக்கூடத்து ஆட்கள் கொழுப்பையும் எலும்புச் சில்லையும் எறிந்து விளையாடுவது பல வருஷத்து வழக்கம். அவளே அந்தப் பக்கம் நின்று தலையில் வாங்கியவள்தான். ஆனால் அன்றைக்கு அவள் மனம் முழுக்க ஒருவனுடைய வெறுங்கையின் மேல் இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. இருபது பேரும் கழிவுத் தொட்டியிலிருந்து ஆட்டு ரத்தத்தை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு, ஏப்ரனைக் கிழித்து விட்டுக்கொண்டு கூடத்தின் பின்கதவில் நின்றார்கள். ஸ்டாப்வாட்ச் வாயில் ஒரு நீளக் கொழுப்புத் துண்டைக் கவ்விக்கொண்டிருந்தார். “நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, கத்தி வெச்சிருக்கிறவனை மட்டும்தான். அவனை விடவே கூடாது” என்று அவளே அவர்களிடம் சொல்லிவிட்டு, பட்டியலோடு கேட்டில் போய் நின்றாள். சைரன் அடித்தது.

ஒரு நிமிஷம் நாற்பதாவது நொடியில் முதல் ஆள் வந்தான். கையில் ஒன்றும் இல்லை. அடுத்தவனும் வெறுங்கை. அதற்கடுத்தவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு சிரித்தபடி ஓடி வந்தான். இப்படி ஒன்றை அவள் அந்த ஆலையில் கண்டதே இல்லை. எண்ண எண்ண நெஞ்சு நிறைந்தது. இரண்டு நிமிஷம் பத்து நொடியில் பதின்மூன்று பேர், இருபத்தாறு வெறுங்கைகள்.

“பரவாயில்லையே! கத்தியெல்லாம் எங்க வெச்சீங்க?”

“லாக்கர்கிட்ட குடுத்துட்டோம்க்கா” என்றான் முதலில் வந்தவன்.

“எல்லாருமா?”

“ஆமா. வெச்சிருந்தாத்தானே கடிக்கும்?”

பதில் அவள் மண்டைக்குள் இறங்குவதற்குள் கூடத்திலிருந்து சத்தம் வந்தது. ஒத்திகைச் சத்தம் இல்லை அது. எதிலோ எதையோ வைத்து அடிக்கும் சத்தம். தொடர்ந்து ஒரு மனிதனின் குரல், அவளுக்கு இருபத்து இரண்டு வருஷமாகத் தெரிந்த குரல்.

கேட்டை விட்டு நகரக் கூடாது. இரண்டு அடி எடுத்து வைத்தாள், நின்றாள். விசிலை வாயில் வைத்தாள், ஊதவில்லை. பிறகு பட்டியலைத் தரையில் எறிந்துவிட்டு ஓடினாள். போகிற போக்கில் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றிக்கொண்டாள்.

உள்ளே அவள் கணவன் மேசைக்கும் தண்டவாளத் தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். பதினாலு கத்திகளை ஏழு ஏழாக இரண்டு கையிலும் கொத்தாகப் பிடித்து, யார்மேலும் பட்டுவிடக் கூடாதென்று தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தான். அதனால் அடியைத் தடுக்க அவனிடம் கையே இல்லை. இருபது பேரும் ஈ மொய்ப்பது போல மொய்த்திருந்தார்கள். ஒருவன் உறைந்த கால் எலும்பால் முதுகில் சாத்தினான். இரண்டு பெண்கள் கொக்கியில் தொங்கிய முழு ஆட்டை ஊஞ்சல் மாதிரி ஆட்டி அவன் வயிற்றில் மோதினார்கள். “இது என் தலைல எறிஞ்ச கொழுப்புக்கு!” என்று ஒருத்தி கத்தினாள். “நான் எறியலம்மா!” என்று அவன் அலறியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஸ்டாப்வாட்ச் விலாவிலேயே குத்திக்கொண்டிருந்தார். குத்துகளை வாய்விட்டு எண்ணினார். பதினெட்டு, பத்தொன்பது.

“தள்ளுங்கடா! கத்தி இருக்கு! கையில கத்தி இருக்குடா!” என்று அவன் கத்தினான்.

கத்தி இருக்கிறவனை விடக் கூடாது என்பதுதானே அவர்களுக்குச் சொல்லியிருந்தது. இன்னும் நாலு பேர் மேலே ஏறினார்கள். கொத்திலிருந்து ஒரு கத்தி நழுவி ஒருவனுடைய பூட்ஸில் குத்தி நின்றது. அவன் போட்ட கூச்சல் கூரையில் இடித்தது. இன்னொன்று ஒரு முன்கையைக் கீறிக்கொண்டு போயிற்று. எது பூசிய ரத்தம், எது சொந்த ரத்தம் என்று அவரவருக்கே தெரியவில்லை. மீதிக் கத்திகளும் நழுவத் தொடங்கின. கீழே இத்தனை தலைகள் இருக்கும்போது விடக் கூடாதென்று அவன் அலகோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ரத்தம் ஓடியது.

அவள் உருளையின் பிடியை அழுத்தினாள். வெள்ளைப் பொடி சீறிக்கொண்டு எல்லாரையும் மூடியது. பத்துப் பேர் இருமிக்கொண்டு விலகினார்கள். ஸ்டாப்வாட்ச் விலகவில்லை. இருபத்தாறு என்றார். அவள் உருளையை இரண்டு கையாலும் தூக்கி அவர் தோளில் இறக்கினாள். காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் வாயிலிருந்து எண்ணிக்கை நின்று வேறு ஏதோ வந்தது. பக்கத்தில் வந்தவன் மூக்கில் முழங்கையால் ஒன்று. இன்னொருவனுக்கு முழங்காலில். பதின்மூன்று வருஷமாக மற்றவர்கள் கொடுத்ததையும் வாங்கியதையும் வரிவரியாக எழுதி வந்தவள், கொடுப்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். மோசமாக இல்லை. நிறுத்தத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

கணவன் தூணில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தான். கையில் பன்னிரண்டு கத்திகள் அப்படியே இருந்தன. பொடியும் ரத்தமும் அப்பிய முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

“நீ எதுக்கு இங்க வந்த? கேட்ல யாரு?”

முதலுதவி அறையில் அவனைப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் துணியால் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல் நரம்புவரை அறுந்திருந்தது. விலாவில் மூன்று போயிருந்தது.

“கேட்ல யாருன்னு கேட்டேனே.”

“யாரும் இல்ல.”

“அப்ப வெளிய போனவன் உள்ள திரும்பி வந்தா யாருக்குத் தெரியும்?”

அவள் ஓடியதைப் பார்த்து மூன்று பேர் பின்னாலேயே சண்டைக்கு ஓடி வந்திருந்தார்கள். அதில் ஒருவன் அடுத்த கட்டிலில் தாடையில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இவர்கள் பேச்சைக் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஒன்றரை வருஷமா வரல வரலன்னு உயிர எடுத்தீங்க. வந்தா இப்படியா?”

“நீ வராம இருந்ததே தேவலை” என்றான் கணவன். சிரிக்கப் பார்த்தான். விலா விடவில்லை. “ஸ்டாப்வாட்ச் பாவம்டி. அந்தத் தோளு இனி சேராது.”

“பாவமாம். இருபத்தாறு எண்ணினாரு.” துணி நனைந்துவிட்டது. வேறு துணியை மடித்து அழுத்தினாள். “கீழ போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? இரும்புதானே? அன்னிக்கும் இதே பிடிவாதம். ஒரு கத்திக்காக உள்ள போயி...”

“ஒண்ணா இருந்தா போயிருக்க மாட்டேன்.”

“என்ன?”

“ஏழு. டீக்குப் போனவன், கழிப்பறைக்குப் போனவன்னு ஏழு பேரு குடுத்துட்டுப் போயிருந்தாங்க. சைரன் அடிச்சதும் மேசை மேலேயே போட்டுட்டு ஓடி வந்தேன். கதவுகிட்ட வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. என்னுது என் இடுப்புலதான் இருந்துச்சு.”

“சொல்லவே இல்லையே.”

“நீ கேக்கல. ஏன் போனேன்னு கத்தினியே தவிர, கேக்கல.”

அடுத்த கட்டிலில் இருந்தவன், “அதுல ஒண்ணு என்னுதுக்கா” என்றான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பஞ்சை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

நோட்டில் அன்றைக்கு இரண்டு பக்கம் நிறைந்தது. ‘தோள்பட்டை எலும்பு முறிவு, தீயணைப்பு உருளை, பாதுகாப்பு அதிகாரி’ என்று தன் கையாலேயே எழுதினாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ‘ஆலை வளாகத்தில் ஜாம்பி என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது’ என்று மேலாளர் அறிவிப்பு ஒட்டினார். வெட்டுக்கூடத்தில் மட்டும் அவள் தலையைக் கண்டதும் கையுறைகள் தாமாக ஏறின; தாண்டிப் போன பிறகும் இருந்தன.

கணவனுக்கு எட்டு வாரம் கத்தியைத் தொடக் கூடாது என்றார்கள். மூன்றாவது வாரமே வீட்டில் உட்கார முடியாமல் நச்சரிக்க ஆரம்பித்தான். “கேட்ல நில்லுங்க. பட்டியலைப் பிடிக்க ரெண்டு விரல் போதும்” என்றாள். மேலாளரும் கையெழுத்துப் போட்டார். அவள் கணக்கு எளியது: தலை எண்ணுகிறவன் எல்லாருக்கும் முன்னால் வெளியே இருந்தாக வேண்டும்.

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குழாயின் ஒட்டு விட்டது. இந்தத் தடவை ஒட்டு மட்டும் போகவில்லை, குழாயே பிளந்தது. சைரன் அடித்தது. கேட்டில் ஆள் இருந்ததால் அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள், யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பார்க்க.

கூரையிலிருந்து வெள்ளைப் புகை மேசைவரை இறங்கியிருந்தது. மேசையில் யாரும் இல்லை. கொக்கிகளில் ஆடுகள் மட்டும் அசைந்தன. ஒவ்வொன்றின் தொடையிலும் ஒரு கத்தி, பிடிவரை குத்தி நின்றது. எண்ணினாள். பதின்மூன்று. கொடுத்துவிட்டு ஓட ஆள் இல்லை. கீழே வைக்கவும் மனம் வரவில்லை. அவனவன் தன் ஆட்டில் குத்திவிட்டு ஓடியிருக்கிறான்.

கழிவுத் தொட்டிக்குப் பின்னால் ஒரு கால் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் ஆன துப்புரவுப் பெண். பயத்தில் மூலைக்குள் புகுந்துகொண்டு, வர மாட்டேன் என்று தொட்டியின் குழாயைக் கட்டிப் பிடித்திருந்தாள். கண் திறக்கவில்லை. வாயில் நுரை. இவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அந்தப் பெண் கடித்தாள். பதிலுக்குக் கன்னத்தில் ஓங்கி இரண்டு அறை விட்டாள், காலரைப் பிடித்தாள், இழுத்தாள். முகமூடி ஒருபக்கம் விலகி நெருப்பு போல ஏதோ மூக்குக்குள் போயிற்று. படியில் தலை தட்டியது. தட்டட்டும் என்று இழுத்தாள்.

வெளியே வந்தபோது ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. கண்ணில் நீர் முட்டி எதுவும் தெரியவில்லை. முதலில் தெரிந்தது தரையில் உட்கார்ந்திருந்த போர்க்லிப்ட் டிரைவர். மூக்கிலிருந்து சட்டைவரை ரத்தம்.

“உனக்கு என்னப்பா ஆச்சு?”

“உங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு உள்ள போகப் பாத்தேன்க்கா. லாக்கர் விடல, மூக்குல குத்திட்டாரு.”

கேட்டின் கம்பியைப் பிடித்தபடி அவள் கணவன் நின்றான். கட்டு அவிழ்ந்து, தையல் பிய்ந்து, விரல்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பட்டியல் இன்னொரு கையில் கசங்கியிருந்தது. கடைசிப் பெயருக்கு எதிரே பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. அவன் நகரவில்லை. அவளும் அந்தப் பெண்ணும் கேட்டைத் தாண்டிய பிறகு, காகிதத்தில் அந்த இரண்டு பெயருக்கும் கோடு போட்ட பிறகு, வாயைத் திறந்தான். பிறகு வந்தது எதையும் நாலு பேர் நடுவில் சொல்லக் கூடாது. அவள் பிறந்ததிலிருந்து, அவளைப் பெற்றவர்களிலிருந்து, அவள் எழுதிய எல்லா விதிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினான். கேட்டைக் காலால் உதைத்தான். மேலாளர் நாலு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் குழாய்த் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

திட்டி முடித்துச் சுவரோரம் போய் வாந்தி எடுத்தான்.

எட்டு வாரம் பத்து வாரமாயிற்று. விரல் கூடி, டாக்டர் கத்தி பிடிக்கலாம் என்றார். கேட்டில் அவன் நிற்பதுதான் நல்லது என்று அவள் மேலாளரிடம் பேசி வைத்திருந்தாள். அன்று காலை சமையலறையில் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டே அவன் ஆரம்பித்தான்.

“நான் மேசைக்குத் திரும்பப் போறேன்.”

“கேட்டுக்குத்தான் உங்களைப் போட்டிருக்கு.”

“அதுல நிக்க மாட்டேன்.”

“அப்ப மறுபடி கத்தி, மறுபடி உள்ள ஓட்டம். எனக்குத் தெம்பு இல்ல.”

“யாரு கத்தியும் வாங்கல. சைரன் அடிச்சா என்னுதையும் ஆட்டுல குத்திட்டு முதல் ஆளா வந்துடறேன். பசங்க செய்யலையா? செத்தாலும் திரும்ப மாட்டேன்.” நாடாவில் முடிச்சு விழவில்லை, ஒட்டிய விரல்கள் இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. “அந்தக் கேட்ல மட்டும் என்னை நிக்க வைக்காத. ஆறு நிமிஷம்டி.”

அவள் குனிந்து நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு மேசை மேலிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“எழுதிக் குடுங்க.”

“என்னது?”

“சைரன் அடிச்சா கத்திய விட்டுட்டு வருவேன்னு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு.”

“பொண்டாட்டிகிட்டயா?”

“பாதுகாப்பு அதிகாரிகிட்ட.”

அவன் அவளைக் கெட்ட வார்த்தையில் ஒன்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து, தேதி என்ன என்று மகளிடம் கேட்டான்.